தெரிந்தவர்களுக்கு மட்டும்

கோரிமேட்டு மாடியறையில் ஒரு கருவி எழுதினேன்.
வெற்று வட்டில் தொடங்கி
கம்பைலர், கர்னல், ஷெல்,
'பெயர் என்ன' என்று கேட்கும் கறுப்புத் திரை வரை
முழு இயங்குதளத்தையும் தானே கட்டும்.
இரவு ஒன்பதுக்கு ஏவிவிட்டால்
பால்காரர் மணியடிக்கும் நேரம்
எழுந்து நிற்கும்.

இலவசம். மூலநிரல் திறந்தே கிடக்கிறது.
எடுக்கலாம், பிரிக்கலாம், திட்டலாம்.
ஆனால் முதல் பக்கத்தில் ஏழாவது வரி:
"இதையெல்லாம் ஒருமுறையாவது
கையால் கட்டிப் பார்த்தவர்களுக்கு மட்டும்.
பிழைச்செய்தி புரியவில்லை என்றால்
இது உங்களுக்கான கருவி அல்ல."

எழுதும்போது நேர்மை என்றுதான் நினைத்தேன்.
கொஞ்சம் அலுப்பும் இருந்தது, மறுக்கவில்லை.
'வேலை செய்யல' என்ற இரண்டே சொல்லோடு
நள்ளிரவில் கூப்பிட்டவர்களுக்குப் பயந்து
அந்த வரிக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டேன்.

"ஏற்காடு அடிவாரத்தில் பலகை இருக்கிறதே,
இரண்டாம் கியரில் செல்லவும் என்று.
கியர் என்றால் என்ன என்று அது சொல்கிறதா?
இருபது கொண்டை ஊசி வளைவுக்கு
ஓட்டத் தெரியாதவன் ஏன் வரவேண்டும்?"
தட்டுவடை செட் கடையில் நின்று
ஜெசிந்தாவிடம் வாதாடினேன்.
பீட்ரூட் துருவல் சிந்தாமல் கடித்து
மென்று முடித்துவிட்டுக் கேட்டாள்:
"பலகை சரி. வளைவையே தப்பா வெட்டியிருந்தா?"

ஆவணியில் அர்த்தநாரி அழைத்தார்.
ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலையில் எலக்ட்ரீஷியன்.
வறுக்கும் தட்டின் சூட்டை அளக்க
உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு,
அதில் ஓட ஒரு சின்ன இயங்குதளம்.
"ஏழாவது வரி படிச்சேங்க.
கையால கட்டினதில்ல.
ஆனா மத்ததெல்லாம் எழுத்துக்கு எழுத்து
நீங்க சொன்னபடியே செஞ்சேன்.
நாலாவது கட்டத்துல நின்னுபோச்சு.
தமயந்திங்கிற கோப்பகத்தைத் தேடுது.
எங்க மெஷின்ல அப்படி யாருமே இல்லீங்களே?"

தமயந்தி நான்தான்.
என் கணினியின் பாதை,
என் வீட்டு வாசல்,
நூற்றுப்பதினெட்டாவது வரியில் மூன்று வருடமாக.

இருநூறு பேர் இறக்கியிருக்கிறார்கள்.
எல்லோரும் தெரிந்தவர்கள்.
அங்கே வந்ததும் லேசாக இடறி,
உச்சுக்கொட்டி,
தங்கள் பாதையைத் தட்டிவிட்டு
தாண்டிப் போய்விட்டார்கள்.
ஒருவர்கூடச் சொல்லவில்லை.
பழகிய காலுக்குக் கல் கண்ணில் படுவதில்லை.
சொன்னபடியே நடந்து
முட்டி நின்றவர் ஒருவர்தான்.

அன்றே திருத்தினேன். மன்னிப்பும் கேட்டேன்.
"அட, விடுங்க" என்றார்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு வசதி.
அடுத்த வெள்ளிக்கிழமை அதே அர்த்தநாரி
வட்டின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிக் கொடுத்து
ஆலையின் மூன்று மாதக் கணக்கை
வழித்துத் துடைத்துவிட்டார்.
கிழங்கு லாரிகளின் எடை, கூலி, பாக்கி, எல்லாம்.
என் கருவி கேள்வி கேட்காது.
தெரிந்தவர்களை எதற்குக் கேட்பது?
போனில் வெகுநேரம்
ஆலையின் இரைச்சல் மட்டும் கேட்டது.
ஏழாவது வரி எனக்கு நினைவு வந்தது.
அவருக்கும் வந்திருக்கும்.
இருவருமே அதைச் சொல்லவில்லை.

'மட்டும்' என்பதை அழித்தேன். திரும்ப வைத்தேன்.
'கற்றுக்கொள்ள விரும்புவோர்' என்று எழுதிப் பார்த்தால்
பள்ளிக்கூடச் சுவர் மாதிரி இருந்தது.
கடைசியில் அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு
அழிக்கும் இடத்தில் ஒரு கேள்வி சேர்த்தேன்:
"இந்த வட்டில் இருநூற்றுப் பதினான்கு கோப்புகள்.
கடைசியாகத் தொட்டது நேற்று மாலை.
யாருடையவை என்று தெரியுமா?"

மறுநாளே தெரிந்த ஒருவர் எழுதினார்,
இந்தத் தொல்லையை நிறுத்த வழி உண்டா என்று.

உண்டு என்று பதில் போட்டேன்.
எங்கே என்று சொல்லவில்லை.
தெரிந்தவர்தானே.